ஒரே வகை மருந்து, ஒன்றில் நூல், ஒன்றில் உருண்டை: ஏன்?

கேள்வி
கோல் வடிவ பாக்டீரியாவான ஈ.கோலையை இரண்டு குழாய்களில் வளர்த்து, ஒன்றில் செஃபலெக்சினும் மற்றொன்றில் மெசில்லினமும் சேர்த்தேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செஃபலெக்சின் குழாயில் செல்கள் பிரியாமல் நூலாக நீண்டு கிடக்கின்றன. மெசில்லினத்தில் எல்லாம் குண்டு குண்டாக உருண்டை. குழாய் மாறிவிட்டதோ என்று மறுபடியும் செய்து பார்த்தேன், அதேதான். இரண்டுமே பீட்டா லாக்டம், அதாவது பெனிசிலின் குடும்ப மருந்து, இரண்டுமே செல்சுவர் கட்டுவதைத்தானே தடுக்கின்றன?

பதில் 1
பெனிசிலின் பிணைப்புப் புரதங்களில் (பிபிபி) ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொன்றைத் தடுக்கும். பாடநூலில் பிபிபி அட்டவணையைப் பாருங்கள்.

பதில் 2
குழாய் மாறவில்லை. நீங்கள் பார்த்ததைத்தான் பிரையன் ஸ்ப்ராட் என்ற ஆய்வாளர் 1975-இல் விளக்கினார். பிபிபி 2 பக்கச் சுவரை நீட்டும் புரதக் குழுவில் இருக்கிறது. மெசில்லினம் அதை மட்டும் முடக்கும். செல்லால் நீள முடியாது, உருண்டையாகிவிடும். பிபிபி 3 நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பும் புரதம். செஃபலெக்சின் பிடிப்பது முக்கியமாக அதை. நீளும் வேலை நடக்கும், பிரியும் வேலை நின்றுபோகும்.

எனக்கு 'பெனிசிலின் பிணைப்புப் புரதம்' என்ற இந்தப் பெயர்தான் உறுத்தல். பெனிசிலினைப் பிடிப்பதா இவற்றின் வேலை? செல்சுவரின் சர்க்கரைச் சங்கிலிகளில் தொங்கும் பெப்டைடுகளை (குட்டி அமினோ அமிலச் சரங்களை) ஒன்றோடொன்று பின்னுவதுதான் வேலை. அந்தப் பெப்டைடின் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். பீட்டா லாக்டத்தின் வடிவம் அதைப் போலவே இருப்பதால் புரதம் ஏமாந்து கவ்விக்கொள்கிறது. கவ்விய பிறகு எளிதில் விடுபட முடியாது. கொல்லும் மருந்தின் பெயரை வைத்ததால், மாணவர்கள் இவற்றின் வேலையையே மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அந்த நூல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடையிடையே லேசாக இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கிறதா?

கேட்டவர்
ஆமாம்! இருக்கிறது. அழுக்கு என்று நினைத்தேன்.

பதில் 2
அழுக்கில்லை. செல் பிரியும் இடத்தில் உருவாகும் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதத்தின் வளையம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. பிரிவதற்கான இடமும் குறித்தாகிவிட்டது. சுவரைப் பின்னும் பிபிபி 3 மட்டும் வேலை செய்யவில்லை. படம் எடுத்து வையுங்கள், இது நல்ல படம்.

பதில் 3
ஒன்று சேர்க்கிறேன். பிபிபி 2, 3 இரண்டும் பின்னல் வேலை மட்டுமே செய்பவை. சர்க்கரைச் சங்கிலியை நீட்டித் தருவது முறையே ரோட்-ஏ, எஃப்டிஎஸ்-டபிள்யூ என்ற வேறு புரதங்கள். ரோட்-ஏ இந்த வேலையைச் செய்வது 2016-இல்தான் தெரிந்தது. பழைய அட்டவணைகளில் இது இருக்காது.