சின்ன ஆலயத்துக்கு 3 வரிசைக் குழல் போதுமா?

குழலோசை: எங்கள் ஆலயத்தில் 80 பேர் உட்காரலாம். எலக்ட்ரானிக் ஆர்கன் பழுதாகிவிட்டது. 3 வரிசைக் குழல் (வரிசைக்குக் கட்டைக்கு ஒரு குழல்) கொண்ட, காற்றால் ஒலிக்கும் பழைய பைப் ஆர்கன் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

மின்விசை: வேண்டாம். டிஜிட்டலில் 40 ஸ்டாப் (ஒவ்வொரு ஓசை வகையையும் திறக்கும் இழுப்புக் குமிழ்) கிடைக்கும். 8 அடி ஸ்டாப்பின் மிகத் தாழ்ந்த சுரக் குழலே ஏறக்குறைய 8 அடி உயரம், எங்கே நிறுத்துவீர்கள்?

துருத்திக்காரன்: மேல்முனையை மூடிவிட்டால் 4 அடிக் குழலே அதே சுரம் தரும். சின்ன ஆர்கன்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. ஓசை கொஞ்சம் மங்கலாக இருக்கும். எனக்கு அது குறையே இல்லை, பாடுகிறவர் குரலை அமுக்காது.

மின்விசை: சரி, உயரத்தை விடுகிறேன். ஆனால் 3 வரிசையை 9 ஸ்டாப்பாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். ஒரே வரிசையை 8 அடி, 4 அடி (ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது) என்று பங்குபோடுவார்கள். இரண்டு ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு, ஒரு சி கட்டையையும் அதற்கு மேல் உள்ள சி கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். கீழ்க்கட்டையின் 4 அடியும் மேல்கட்டையின் 8 அடியும் ஒரே குழல். நான்கு ஒலிக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் ஒலிக்கும். டெனரும் (ஆண் மேல்குரல்) சோப்ரானோவும் (பெண் மேல்குரல்) அப்படி ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே சுரத்தில் வரும்போதெல்லாம் பாட்டு திடீரென்று மெலியும். வாசித்து நொந்திருக்கிறேன்.

குழலோசை: இதில் 8, 4, 2 அடி மூன்றும் தனி வரிசை. 61 கட்டைக்கு மொத்தம் 183 குழல்.

மின்விசை: அப்படியானால் அந்தக் குறையை வாபஸ் வாங்குகிறேன். ட்யூனிங்? வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுரம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறும். பியானோவோடு சேராது.

துருத்திக்காரன்: பியானோவுக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நாக்குக் குழல் (உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழல்) இல்லாத ஆர்கனில் எல்லாக் குழலும் சேர்ந்தே ஏறும், தங்களுக்குள் பெரிதாகப் பிசகாது. பாடுகிறவர்களும் கூடவே ஏறிவிடுவார்கள். டிஜிட்டலில் சர்க்யூட் போர்டு போனால் 20 வருடம் கழித்து அதே போர்டு கிடைக்குமா? மரம், தோல், ஈயக் கலவை எல்லாம் மறுபடி செய்யக்கூடியவை. சுவிட்சர்லாந்தில் சியோன் நகர வலேர் பசிலிக்காவில் 15ஆம் நூற்றாண்டு ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது.

மின்விசை: அங்கே பராமரிக்க ஆள் இருக்கிறது. இவருக்கு? துருத்தியின் தோல் வெடித்துக் காற்று கசிந்தால் 183 குழலும் சும்மாதான் நிற்கும். பணம் கொடுக்கும் முன் துருத்தியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

துருத்திக்காரன்: இதில் நாம் இருவரும் ஒரே கட்சி. துருத்தியில் காற்றை நிரப்பிவிட்டு, எந்தக் கட்டையும் தொடாமல் காது வைத்துக் கேளுங்கள். சீறினால் கசிவு.

குழலோசை: சனிக்கிழமை போகிறேன். முதலில் துருத்தி, அப்புறம்தான் குழல்.