காலேஜ்ல போராட்டம் பண்ணி என்ன கிடைச்சது? உங்க அனுபவத்த சொல்லுங்க

மழைக்காகிதம்:
ஹாஸ்டல் ஃபீஸ் ஏத்துனப்ப அட்மின் பிளாக் வாசல்ல உக்காந்தோம், அதெல்லாம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், விடிய விடிய கோஷம், காலைல தொண்ட காலி. எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது ஒன்னுதான். ரிஜிஸ்ட்ரார் வெளிய வந்தார். திட்டல, மிரட்டல, கையில ஒரு பேப்பர வச்சுக்கிட்டு ரிஜிஸ்டர் நம்பர் ஒவ்வொன்னா வாசிக்க ஆரம்பிச்சார். பேர் கூட இல்ல, வெறும் நம்பர். அவங்கவங்க நம்பர் வரும்போது தலை தானா குனியுது, கோஷம் அப்படியே அடங்கிடுச்சு. திடீர்னு பக்கத்துல இருந்தவன் "ஆஜர் சார்!"னு கத்துனான். எல்லாரும் சிரிச்சிட்டோம், அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் மொத்த கூட்டமும் ஆஜர் ஆஜர்னு கத்த, அவர் பேப்பர மடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டார். ஃபீஸ் உயர்வ நிறுத்தி வச்சாங்க. அடுத்த செமஸ்டர்ல அதே தொகை பராமரிப்புக் கட்டணம்னு வேற பேர்ல வந்துச்சு, அப்ப உக்கார ஆள் இல்ல. ஆஜர்னு முதல்ல கத்துனவனுக்கு நன்னடத்தை சர்டிஃபிகேட் குடுக்காம இழுத்தடிச்சாங்க. ஜெயிச்சோமா தோத்தோமா, எனக்கு இன்னிக்கும் தெரியல.

கணக்குப்புலி:
என் கதை சின்னது. லைப்ரரிய ராத்திரி தொறந்து வைக்கணும்னு கேட்டோம், டீன் "படிக்கிறதுக்கா கேக்குறீங்க?"னு சிரிச்ச சிரிப்பு இன்னும் எரியுது, ஆனா தொறந்தாங்க.

மழைக்காகிதம், உங்க பிரச்சினையே அந்த "ஆள் இல்ல"தான். நம்மாளுங்க உடனே 1965 மொழிப்போர இழுத்துட்டு வருவாங்க, அத விடுங்க, அமெரிக்கால கிரீன்ஸ்போரோங்கிற ஊர பாருங்க. 1960 பிப்ரவரி 1ல நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு கவுண்டர்ல போய் உக்காந்தாங்க. அங்க கறுப்பினத்தவங்களுக்குப் பரிமாறுனது ஜூலை 25ல. நடுவுல காலேஜ் லீவு விட்டுட்டாங்க, பசங்க ஊருக்குப் போயிட்டாங்க, அப்ப உக்காந்தது ஹைஸ்கூல் பசங்க! அமெரிக்காலயே கொலம்பியா யுனிவர்சிட்டில 1985 ஏப்ரல்ல மாணவர்கள் ஒரு கட்டடத்து வாசல மூணு வாரம் மறிச்சாங்க, தென்னாப்பிரிக்கால தொழில் பண்ற கம்பெனிகளோட பங்க வித்துடுங்கன்னு. எந்திரிச்சுப் போறப்ப கையில ஒன்னும் இல்ல. அக்டோபர்ல நிர்வாகம் விக்க ஒத்துக்கிச்சு. அதனால ஜூனியர்ஸ முதல் நாள்லயே கூட உக்கார வைங்க, கோரிக்கை ஒன்னே ஒன்னு வைங்க, பத்து வச்சா அவங்களுக்குப் பிடிச்ச ரெண்ட குடுத்துட்டு கூட்டத்த கலைச்சிடுவாங்க, "நிறுத்தி வைக்கிறோம்"னா எத்தன நாளைக்குன்னு எழுத்துல வாங்குங்க, தேதி, கையெழுத்து, "யார் மேலயும் நடவடிக்கை இல்ல"ங்கிற வரி, இதெல்லாம் இல்லாம எந்திரிக்கவே கூடாது.

கடைசிபெஞ்ச்டீச்சர்:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவ. கெஸ்ட் லெக்சரர், வேலை எப்ப வேணா போகும். ஸ்ட்ரைக் அன்னிக்கு கிளாஸுக்கு வராதவங்க லிஸ்ட் குடுங்கன்னு ஹெச்ஓடி கேட்டார். போனா மொத்த கிளாஸும் காலி, ஒரே ஒரு பொண்ணு. நான் அட்டெண்டன்ஸ் எடுக்கல, அவளும் நோட்ட தொறக்கல. வெளிய கோஷம் கேக்குது. "மேடம், வீட்ல தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க, அவங்க ஜெயிச்சா அந்த ஃபீஸ் குறையறது எனக்கும் தானே?"ன்னு கேட்டா. நான் ஆமான்னேன். அவ அழ ஆரம்பிச்சிட்டா. போராட்டம் தேவையா இல்லையான்னு பேசுற யாரும் அந்தப் பொண்ண கணக்குல எடுத்து நான் பாத்ததில்ல.

ஒத்தையடி:
கணக்குப்புலி சொல்ற எல்லாம் ஜெயிச்ச கதை. அமெரிக்கால கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டி, 1970 மே 4, வியட்நாம் போர எதிர்த்த போராட்டம், நேஷனல் கார்ட் படை 13 செகண்ட் சுட்டதுல நாலு மாணவர்கள் செத்தாங்க, அதுல ரெண்டு பேர் போராட்டத்துலயே இல்ல. அதுக்கப்புறம் நாடு பூரா நூத்துக்கணக்கான கேம்பஸ்ல ஸ்ட்ரைக் வெடிச்சும் வியட்நாம் போர் உடனே நிக்கல. எங்க காலேஜ்ல நடந்தது அவ்ளோ பெருசில்ல, ஒருத்தன் சஸ்பெண்ட் ஆனான், அவன் பெட்டியோட கேட்ட தாண்டுறப்ப கோஷம் போட்ட நாங்க எல்லாரும் இன்டர்னல் எக்ஸாம்ல உக்காந்திருந்தோம். டீச்சரம்மா சொன்ன பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, எங்க மேலதான்.

மழைக்காகிதம்:
@கணக்குப்புலி அண்ணே, எழுத்துலயும் வாங்குனோம்ணே. தேதி, சீல், கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. உள்ள "கோரிக்கை பரிசீலிக்கப்படும்"னு ஒரே ஒரு வரி.