ஓசூர் சிப்காட் வேலைநீக்கம்: திருநங்கைக்கும் தன்பாலீர்ப்பு உள்ளவருக்கும் ஒரே சட்டமா?

தென்பெண்ணை (கேள்வி):
உதிரிபாகம் செய்யும் ஆலை. ஏஜென்சி மூலம் சேர்ந்த திருநங்கை ஒருவரை "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கேயே நிரந்தரத் தொழிலாளி ஒருவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் எனத் தெரிந்ததும், ராஜினாமா எழுதித் தரச் சொல்லி நெருக்குகிறார்கள். இருவரும் முதலில் எங்கே போகவேண்டும்?

கோட்டைமேடு:
ஒரே சட்டம் இல்லைங்க. இருவருக்கும் சேர்த்து ஒரே மனு எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

திருநங்கைக்கு 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலையில் பாகுபாடு கூடாது என்பது பிரிவு 9. ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்பது பிரிவு 11. இத்தனை பேர் வேலை செய்தால்தான் என்ற வரம்பு இதற்குக் கிடையாது. ஏஜென்சியும் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வருவதால், ஆலைக்கும் ஏஜென்சிக்கும் தனித்தனிப் புகார் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டி மாதக்கணக்கில் இழுப்பார்கள். அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி புகார் அலுவலர் 15 நாளில் விசாரிக்கவேண்டும்; அறிக்கை வந்தபின் நிறுவனத் தலைவர் 15 நாளில் நடவடிக்கை எடுக்கவேண்டும். புகார் அலுவலரே இல்லையா? அதையும் புகாரில் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

காவல் நிலையம்தான் முதல் படி என்று நினைக்காதீர்கள். 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று சொல்லும் அதே சட்டத்தின் பிரிவு 18, வசை, அடி, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு. வேலை மறுத்ததற்கு அதில் தனித் தண்டனை இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இது. கேட்டில் கேவலமாகப் பேசியிருந்தால் மட்டும், நாள், நேரம், சொன்ன வார்த்தையோடு தனிப் புகார் கொடுக்கலாம்.

பழைய சங்கத்துக்காரர்:
இரண்டாமவர் விஷயம் சிக்கல். உச்ச நீதிமன்றத்தின் 2018 நவ்தேஜ் தீர்ப்பு தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது, அவ்வளவுதான். பாலீர்ப்பின் பேரில் தனியார் முதலாளி வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. எனவே "ஏன் நீக்கினார்கள்" என்பதைவிட "எப்படி நீக்கினார்கள்" என்பதைப் பிடியுங்கள். என்ன தப்பு என்று நிர்வாகம் எழுத்தில் குற்றப்பத்திரிகை கொடுத்ததா, உள்விசாரணை நடத்தினார்களா? பொய்க் காரணம் சொல்லியோ, பழிவாங்கவோ, இயற்கை நீதியை மதிக்காமலோ நீக்குவது தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில் நியாயமற்ற தொழில் நடைமுறை. நீக்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கவேண்டும். 45 நாளில் முடியாவிட்டால் நேரே தொழில் தீர்ப்பாயம் போகலாம். மனுவில் தன் பாலீர்ப்பைச் சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தே பலர் மனுப் போடுவதில்லை.

ஒன்று பாருங்கள்: மேற்பார்வைப் பணியில் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் அந்தத் தொகுப்பில் அவர் 'தொழிலாளி' ஆகமாட்டார். பதவிப் பெயர் 'சூப்பர்வைசர்' என்று இருந்தாலே மேற்பார்வைப் பணி ஆகிவிடாது, நிஜத்தில் செய்யும் வேலைதான் கணக்கு.

தென்பெண்ணை:
தருமபுரியில் திருநங்கை பிரித்திகா யாஷினி கோர்ட்டுக்குப் போய் எஸ்.ஐ. ஆனாரே, அதுபோல ஐகோர்ட் போகமுடியாதா?

கோட்டைமேடு:
2015இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது அரசு வேலைத் தேர்வு பற்றி. அரசமைப்பின் 14, 16 பிரிவுகள் அரசைத்தான் நேரடியாகக் கட்டும். தனியார் ஆலைமேல் அதே ரிட் (உயர்நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் உரிமை மனு) எளிதில் நிற்காது. ஆனால் 2025 அக்டோபரில் ஜேன் கௌசிக் வழக்கில், தனியார் பள்ளிகளில் வேலை இழந்த திருநங்கை ஆசிரியைக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கச் சொன்னது. திருநங்கையின் புகாரில் அதை மேற்கோள் காட்டலாம்.

தென்பெண்ணை:
அந்த நிரந்தரத் தொழிலாளி நேற்றே ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்!

பழைய சங்கத்துக்காரர்:
நிர்வாகம் ஏற்பதற்குள் திரும்பப் பெறலாம். இன்றே மின்னஞ்சல் அனுப்பட்டும்: "நெருக்கடியில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன், வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." அதையே தபாலிலும் அனுப்பட்டும். பதிவுத் தபால் இப்போது விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்கவேண்டும். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்ற தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100க்கு அழைக்கச் சொல்லுங்கள்.