அப்பச்சி பாட்டைக் கேக்கலாமா, வேண்டாமா?

பள்ளத்தூர்ப் பொண்ணு கேட்டது:

அப்பச்சி, அதான் எங்க அப்பா, போய் அஞ்சு மாசம் ஆச்சு. நான் இன்னும் அழலை. கேதம் கேக்க வந்தவுகளுக்குக் காபி, பந்தி, யார் யாருக்குச் சொல்லி விடணும்னு ஓடிக்கிட்டே இருந்தேன். "தைரியமா நிக்குறா"ன்னு எல்லாரும் பாராட்டிட்டுப் போனாக. லீவு முடிஞ்சு கோயம்புத்தூர் திரும்பிட்டேன்.

அப்பச்சிக்கு ஒரு பாட்டு உசிரு. 1962ல வந்த சுமைதாங்கி படத்துல பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடின 'மயக்கமா கலக்கமா'. நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் எழுதினதுன்னு அதுல ஒரு பெருமை வேற. நான் அஞ்சாவது படிக்கும்போது டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்னுருச்சு. ரெண்டாவது சரணத்துல ஒரு வரி நசுங்கிப் போச்சு. அப்பச்சி அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுட்டு செலோடேப் வச்சு ஒட்டினாக. அதுக்கப்புறம் அவுக பாடும்போதும் அந்த வரி இருக்காது. அந்த இடம் வந்தா பட்டாலைத் தூண்ல விரலால ரெண்டு தட்டு, உடனே அடுத்த வரி.

போன மாசம் பஸ்ஸுல யாரோ போன்ல அந்தப் பாட்டை வச்சாங்க. முழுசா. அந்த வரியும் வந்துச்சு. யாரோ ஒருத்தர் கேக்காமலே நம்ம வீட்டுக்குள்ள செருப்போட நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. தொண்டை அடைச்சுது, அழுகை மட்டும் வரலை.

ஊருக்கு வந்தப்போ வீட்டுல போட்டுப் பாத்தேன். அம்மா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு இரண்டாங்கட்டுக்குப் போயிட்டாக. அயித்தை, "துக்கப் பாட்டெல்லாம் வேண்டாம், சாமி பாட்டுப் போடு"ங்கிறாக. இந்தப் பாட்டைக் கேட்டா மனசு ஆறுமா, இன்னும் கெட்டுப் போகுமா? இந்த மாதிரி பாட்டை வச்சு மீண்டு வந்தவுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தேவகோட்டை ஆச்சி:

ஆத்தா, எனக்கு 71 வயசு. நான் சொல்றதைக் கேளு. எங்க ஆயா காலத்துல யாரும் ஒன்னை மாதிரி அஞ்சு மாசம் காத்துக் கெடக்கலை. ஒப்பாரி இருந்துச்சு. வளவுல வட்டமா உக்காந்து, ஒருத்தி தோள்ல ஒருத்தி கை போட்டு, போனவுகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுவாக. அவுக என்ன சாப்பிடுவாக, எப்படி நடப்பாக, யாரை விட்டுட்டுப் போனாக, அம்புட்டும் பாட்டுல வரும். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து தன் ஆத்தாளை நெனைச்சு அழுதுட்டுப் போவா. புருசன் வியாபாரத்துக்குக் கொண்டுவிக்கப் போய் வருசக்கணக்கா பர்மாவுலயே கெடக்க, இங்கே தனியா இருந்தவுக எத்தனை பேரு! அவுகளுக்கு வாய்விட்டு அழ அந்த ஒரு எடந்தான்.

தாலாட்டுலகூட பாரு. அழுகுற பிள்ளைகிட்ட "அழாதே"ன்னா முதல்ல சொல்றோம்? "யாரடிச்சு நீ அழுதே"ன்னு கேட்டு, அத்தை அடிச்சாளா, மாமன் அடிச்சானான்னு ஒவ்வொரு ஆளாக் கேட்டுக்கிட்டே வருவோம். கேட்டு முடிக்கிறதுக்குள்ள தூங்கிரும். ஒங்க அயித்தை நல்ல மனசுலதான் சொல்லியிருப்பா. ஆனா சாமி பாட்டு எங்கேயும் ஓடிப் போகாது, பெறகு கேட்டுக்கலாம்.

பாட்டு வாத்தியார், காரைக்குடி:

ஆச்சி சொன்ன தாலாட்டு விஷயத்துக்கும் இசை சிகிச்சையில இருக்கிற ஒரு முறைக்கும் ஒத்துப்போகுது. 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் சொன்னது: நோயாளி எந்த மனநிலையில இருக்காரோ அதுக்கு ஒத்த இசையில ஆரம்பிக்கணும், அப்புறம்தான் மெதுவா மாத்தணும். சோகமா இருக்கிறவர்கிட்ட எடுத்த எடுப்புல துள்ளல் பாட்டு வச்சா அவருக்கு எரிச்சல்தான் வரும்.

நீங்க சொன்ன பாட்டும் அப்படித்தான், கேள்வியிலதான் தொடங்குது. உபதேசம் அப்புறந்தான். சென்னையில வாய்ப்பில்லாம ஊருக்கே திரும்ப நினைச்ச வாலி, ஸ்ரீனிவாஸ் இதைப் பாடிக் காட்டினதைக் கேட்டுத்தான் மனசை மாத்திக்கிட்டதா அவரே சொல்லியிருக்கார்.

ஒரு எச்சரிக்கை. இந்த ராகம் இந்த நோய்க்குன்னு பட்டியல் போட்டு அனுப்புவாங்க, நம்பி உக்காராதீங்க. முகாரின்னா ஒப்பாரி ராகம்னு ஊரே சொல்லும். சபரியோட பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன்னு தியாகராஜர் உருகினதும் அதே முகாரியிலதான். மருந்து ராகத்துல இல்லை, உங்க அப்பச்சி தூண்ல தட்டின அந்த ரெண்டு தட்டுல இருக்கு.

மதுரை பஸ்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் தம்பி இறந்தப்போ ஒரே பாட்டை காரைக்குடியில இருந்து மதுரை வரைக்கும், திரும்பி வரும்போதும், மூணு மாசம் ஓட விட்டேன். ஆறவே இல்லை. பாட்டு முடிஞ்சா தம்பி மறுபடி போயிட்ட மாதிரி இருக்கும், அதனால திருப்பிப் போடுவேன். தூக்கம் போச்சு. சாப்பாடு இறங்கலை. கடைசியில டாக்டர்கிட்டதான் போனேன்.

அதனால கேளுங்க, ஆனா ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தனியா வேண்டாம். அவரைத் தெரிஞ்ச யாராவது பக்கத்துல இருக்கட்டும். வாரக்கணக்கா தூக்கம் வரலைன்னா 14416க்கு அடிங்க. டெலிமானஸ், அரசாங்கத்தோட இலவச எண். தமிழ்லயே பேசலாம்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, கடைசி வரியைப் படிச்சுட்டுப் போனைக் கவுத்து வச்சுட்டேன், கொஞ்ச நேரம்.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு வந்தேன். அம்மா அரிவாள்மனையில சீனி அவரைக்காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தாக. போன்ல போடலை. நானே பாடினேன். எனக்குச் சுருதியெல்லாம் சேராது. அம்மா எந்திரிக்கலை, காயையே பாத்துக்கிட்டு இருந்தாக. ரெண்டாவது சரணத்துல அந்த இடம் வந்துச்சு. எனக்குத் தட்டத் தோணலை, சும்மா நிறுத்திட்டேன். அரிவாள்மனைப் பலகையில அம்மா விரலால ரெண்டு தட்டு தட்டினாக.

அடுத்த வரியை என்னால பாட முடியலை. எவ்வளவு நேரம் அழுதேன்னு தெரியாது. அம்மா அழாதேன்னு சொல்லலை. எல்லாம் அடங்கினப்புறம், நறுக்கின காயை ஒதுக்கிக்கிட்டே சொன்னாக: "அன்னிக்கு அந்த நாடாவைச் சிக்க வச்சது நான்தான். நியூஸ் கேக்கணும்னு எதையோ மாத்தி அமுக்கிட்டேன். ஒங்கப்பச்சிக்குத் தெரியும். கடைசி வரைக்கும் மெஷின் மேலயே பழியைப் போட்டாக."

அதுல போன வரி என்னன்னு அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதாம். போட்டுக் காட்டவான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாக.