தாத்தாவின் இடக்கைத் துப்பாக்கி: என்ன விலை பெறும், எப்படி வைத்துக்கொள்வது?

களக்காட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் களக்காடு பக்கம், மலையடிவாரத்தில் வாழைத் தோட்டம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கி ஒன்று இருக்கிறது. பயிர்க் காவலுக்கான லைசென்ஸ், இப்போது அப்பா பெயரில். அப்பாவுக்கு 74 வயது. அதை எடுத்து வருஷக்கணக்காகிறது.

வீட்டில் பாகப் பிரிவினைப் பேச்சு ஓடுகிறது. வயல், வீடு எல்லாம் பேசி முடித்து, கடைசியில் துப்பாக்கியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. "அது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், லட்சக்கணக்கில் போகும். உனக்கு அது வேண்டுமென்றால் மேலத்தோட்டத்தில் எனக்குப் பத்து சென்ட் கூடத் தா" என்கிறான் சென்னையில் இருக்கும் தம்பி. வெளிநாட்டு ஏலம் எதையோ யூடியூபில் பார்த்திருக்கிறான்.

தாத்தாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் அளவுக்கென்றே சொல்லிச் செய்தது என்பார் அப்பா. குதிரை (சுடும்போது தட்டுகிற சுத்தி) இடது பக்கம் இருக்கிறது, கன்னம் வைக்கும் மேடு கட்டையின் வலது பக்கம். கட்டை ஈட்டி மரம். குழல் எட்டுப் பட்டை, காப்பிக்கொட்டை நிறம். நிப்பிளுக்குப் (குழலின் அடியில், நெருப்பு உள்ளே போகிற துளை முனை) பக்கத்தில் கிரீடம், அதன் கீழே பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோல், 16 என்று ஓர் எண். பெயர் எதுவும் இல்லை. குழல் நெடுகப் பொட்டுப் பொட்டாகத் துரு. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார் லேத் பட்டறைக்காரர். கொடுக்கலாமா? விலை எவ்வளவு என்று எடுத்துக்கொள்ள?

(படம் போடவில்லை. அப்பா வேண்டாம் என்கிறார்.)

நாங்குநேரி வக்கீல்:

விலைக்கு முன்னால் காகிதம். பாகப் பத்திரத்தில் யார் பெயருக்கு எழுதினாலும், லைசென்ஸ் இல்லாதவர் கைக்குத் துப்பாக்கி போகக் கூடாது. 70 வயது தாண்டியவரோ 25 வருஷம் வைத்திருந்தவரோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்றிவிட 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது (25-ஆம் விதி). அப்பா இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கலெக்டர் ஆபீசில் மனு, தம்பியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து, பயிற்சிச் சான்றிதழ், அப்புறம் போலீஸ் விசாரணை. தம்பியின் கையெழுத்து இப்போது கிடைப்பது போல அப்புறம் கிடைக்காது. இதை அனுபவத்தில் சொல்கிறேன், சட்டத்தில் இல்லை.

பழைய ஆர்மரர்:

லேத் பட்டறைக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், தம்பி.

நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். எண்ணெய் மினுக்கத்தோடு வரும், ஈரச்சுவரில் சாய்ந்து கிடந்துவிட்டுத் துருவோடு வீட்டுக்குப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விலையும் துருவும் இருக்கட்டும். முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், லைசென்ஸ் அவர் பெயரில். துப்பாக்கி வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். குதிரையைத் தொடாதீர்கள். நிப்பிள் மேல் கேப் (தட்டினால் பொறி தரும் சின்ன மூடி) ஒட்டிக்கொண்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். இல்லையென்றால், கெட்டிக்கிற கம்பியை மெதுவாகக் குழலுக்குள் இறக்குங்கள், இடிக்க வேண்டாம். அது நின்ற இடத்தில், குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் நூல் சுற்றிக்கொள்ளுங்கள். இனி கம்பியை வெளியே எடுத்து, நூலை வாய் விளிம்புக்கு நேராக வைத்துக் குழலின் வெளிப்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். கம்பி நுனி நிப்பிள் வரை வந்தால் குழல் காலி. நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. காட்டுப்பன்றிக்கென்று ராத்திரி கெட்டித்து வைப்பார்கள், பன்றி வராது, அப்படியே மூலையில் சாத்திவிடுவார்கள். ஈரம் படாத கருமருந்துக்கு வயதே கிடையாது.

காலி என்று தெரிந்த பிறகு குழல் வாயைப் பாருங்கள். மொபைலை நீட்டிப் படம் எடுங்கள், முகத்தை நீட்டாதீர்கள். நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் உள்ளே வழுவழுப்பான குழல், ரவை போட்டுச் சுடுவது. பள்ளம் வெட்டியிருந்தால்தான் ரைஃபிள். எதிரெதிராக இரண்டே இரண்டு பள்ளம் தெரிந்தால் அது தனி ரகம். குண்டையே இடுப்பில் ஒரு வரம்போடு வார்த்து, அந்த வரம்பு பள்ளத்தில் உட்காரும்படி இறக்குவார்கள். 1830களின் கடைசியில் ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு வந்த பிரன்ஸ்விக் ரைஃபிளும் இதே முறைதான். அப்படியென்றால் குண்டு வார்க்கும் அச்சைப் பரணில் தேடுங்கள். அந்தத் துப்பாக்கிக்கென்று செய்த அச்சு கூட இருந்தால் மதிப்பே வேறு.

கிரீடமும் குறுக்கே இரண்டு செங்கோலும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரை. 1813-இல் தொடங்கிய சாலை அது. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை விழும். 16 என்றால், ஒரு பவுண்டு ஈயத்தில் 16 உருண்டை வார்த்தால் அதில் ஒன்று இந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கு. உருண்டை ஒன்று சுமார் 28 கிராம். ஆனால் தம்பி, முத்திரை குழலுக்குத்தான், முழுத் துப்பாக்கிக்கு இல்லை. பர்மிங்ஹாமில் குழலும் பூட்டும் (குதிரை இருக்கும் சுடும் பொறி) உதிரியாகவே விற்றார்கள். அங்கே கட்டைக்கு வால்நட் போடுவதுதான் வழக்கம், உங்களுடையது ஈட்டி. ஆகவே குழல் அங்கிருந்து வந்தது, கட்டை இங்கே தாத்தா தோளுக்குச் செதுக்கியது என்றுதான் எனக்குப் படுகிறது. செய்தவன் பெயர் தெரியாமல் லட்சம் பேசுவது வீண்.

வாங்குகிறவனுக்கும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. ஆசைக்கு வாங்கி அடுக்கிய ஆட்களே குறைந்துவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள கடைக்காரர் ஒருவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அவர் சொல்வது உங்கள் தம்பிக்குக் கசக்கும்.

இனி துரு. பொட்டுகள் ஒரே இடைவெளியில் மூன்று மூன்றாக இருக்கின்றனவா? ஆயுத பூஜைச் சந்தனம். ஈரச் சந்தனத்தைக் குழலில் வைத்து, அது காய்ந்து உதிரும் வரை விட்டுவிடுவார்கள், அடுத்து ஐப்பசி மழை வந்துவிடும். பூஜை செய்யுங்கள், பொட்டைக் கட்டையில் வையுங்கள், அன்றைக்கே துடைத்துவிடுங்கள். காப்பிக்கொட்டை நிறம் அழுக்கில்லை, செய்தவன் வேண்டுமென்றே ஏற்றியது. எமரி போட்டால் அது போகும், பட்டையின் முனை மழுங்கும், முத்திரையும் தேயும். அப்புறம் அது வெறும் இரும்புக் குழாய். துருப் பொட்டில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை ஊறவிட்டு, முரட்டுத் துணியால் பொறுமையாகத் தேயுங்கள். வருவது வரட்டும், வராதது இருக்கட்டும்.

தோல் உறையிலோ கம்பளி உறையிலோ வைக்காதீர்கள், சாரல் காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு விடாது. வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. கட்டைக்கு லின்சீட் எண்ணெய் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தால் போதும், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். வெறும் குதிரையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்துங்கள், நிப்பிள் முனை சப்பிப் போகும்.

பென்சில்வேனியாவில் பாளையங்கோட்டைக்காரன்:

ஆர்மரர் அண்ணாச்சி சொன்னதற்கு மேல் கொஞ்சம். இங்கே கிறிஸ்துமஸ் கழிந்து மான் வேட்டைக்குச் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் உண்டு. அதற்காக ஒன்றைச் சொல்லிச் செய்து வைத்திருக்கிறேன். சுருள் ரேகை ஓடும் மேப்பிள் கட்டை, நீளக் குழல். செய்தவர் குழலின் மேல்பட்டையில் தன் பெயரை வெட்டியிருக்கிறார். விற்கும்போது முதலில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள். பேர் பெற்ற கை என்றால் கொடுத்ததற்கு மேல் கிடைக்கும். பெயரில்லாதது எவ்வளவு அழகாக இருந்தாலும், பல சமயம் உதிரிப் பாகங்களின் விலையைத் தாண்டாது. அளவெடுத்துச் செய்தது என்பதே ஒரு குறை. இன்னொருவனுக்குத் தைத்த சட்டை யாருக்குச் சேரும்? இடக்கைப் பூட்டு அபூர்வம்தான், ஆனால் அதைக் கேட்டு வருகிற ஆளும் அபூர்வம்.

தம்பி பார்த்த ஏலம் அனேகமாக இந்த ஊர் ஏலம். இங்கே பழைய முறைத் துப்பாக்கிகளுக்கு மத்திய சட்டத்தில் கெடுபிடி குறைவு, அதனால் சந்தை பெரிது. உங்களுடையது 100 வருஷம் தாண்டியது என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி நாட்டை விட்டே வெளியே போகாது. இந்த ஊர் விலையை அந்த ஊர் துப்பாக்கிக்குப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஒரு கேள்வி அண்ணாச்சி. சுட்ட பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவுகிறேன். வேறு எதுவும் வேண்டாமே?

பழைய ஆர்மரர்:

வெந்நீர்தான் மருந்து. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்தபின் மிஞ்சும் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஒரு ராத்திரி போதும் குழல் சிவக்க. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழல் சூடேறித் தானாகக் காய்ந்துவிடும். காய்ந்ததும் எண்ணெய்த் துணி. அடுத்த முறை கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், மெஷின் எண்ணெயும் மருந்தும் சேர்ந்தால் தார் மாதிரி அப்பிக்கொள்ளும்.

களக்காட்டான்:

அண்ணாச்சி, கேப் இல்லை. கம்பியை விட்டுப் பார்த்தோம். அஞ்சு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. தான் கெட்டிக்கவில்லை, தாத்தா வைத்ததாகத்தான் இருக்கும் என்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதற்கு முன்னால்தான் சூடம் காட்டியிருக்கிறோம். பொட்டு நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று மூன்று. இப்போது என்ன செய்ய? எண்ணெய் ஊற்றினால் மருந்து செத்துவிடுமா?

பழைய ஆர்மரர்:

எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெயோ தண்ணீரோ ஊற்றிவிட்டு, செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியால் குத்திக் கையைப் போக்கிக்கொள்ள வேண்டாம். இருந்த இடத்திலேயே, வாய் மண்சுவரைப் பார்த்தபடி கிடக்கட்டும். அந்த அறையைப் பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுங்கள். விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பஸ்சிலோ காரிலோ ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

அப்பாவே லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பழைய லோடு உள்ளே இருக்கிறது, ஆர்மரர் வந்து எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும், ரசீது வாங்கிக்கொள்ளட்டும். பயப்பட ஒன்றுமில்லை, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. எடுக்கும்போது குண்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். உருண்டையைச் சுற்றி வரம்பு இருந்தால் அது இரண்டு பள்ள ரைஃபிள்தான். அப்படியென்றால் கடைக்காரரிடம் போவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தம்பியிடம் அதுவரை வாயைத் திறக்காதீர்கள், பத்து சென்ட் இருபதாகிவிடும்.