பூஜோ 309 டீசல்: ஹெட் கேஸ்கட்டும் ரிப்பேர் கையேடும் எங்கே தேடுவது?

முத்தியால்பேட்டை 309:
வணக்கம். எங்கள் வீட்டில் 1996 மாடல் பூஜோ 309 டீசல் இருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. பாரிஸில் இருக்கும் பெரியப்பா போன் பண்ணும்போதெல்லாம் "பூஜோ இல்லடா, பெஜோ" என்று திருத்துவார். அவர் விசாரிப்பதற்காகவாவது வண்டி ஓட வேண்டும்.

போன மாதம் திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது கிளியனூர் பக்கத்தில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி ஒருவழியாக வீடு வந்தேன். அன்றிலிருந்து தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, தண்ணீர் டப்பாவில் குமிழி. மெக்கானிக் பார்த்துவிட்டு, என்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றார். ஆனால் "சாமான் கையில் இருந்தால்தான் பிரிப்பேன்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

புதுச்சேரியில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்றில் கையை விரித்தார்கள். நாலாவது கடையில் "பூஜோதானே?" என்று சட்டென்று ஒரு கேஸ்கட்டை எடுத்து நீட்டினார்கள். வாங்கி வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் சிரிக்கிறார், இது உங்கள் என்ஜினுக்கு உட்காரவே உட்காராது என்று. கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

309 கையேடு என்று ஒன்றை இணையத்தில் இறக்கினேன். அதில் இருக்கும் டீசல் என்ஜின் படத்துக்கும் என் வண்டிக்கும் சம்பந்தமே இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

செம்மண்டலம் டீசல்:
தம்பி, உங்களுக்குக் கொடுத்த கேஸ்கட்டின் ஓட்டையை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். 9 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது மகிந்திரா ஜீப்புடையது.

முத்தியால்பேட்டை 309:
அளந்தேன் அண்ணே. 9க்குக் கொஞ்சம் மேல். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

செம்மண்டலம் டீசல்:
இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. நம் பக்கத்து ஸ்பேர்ஸ் கடைகளில் பூஜோ என்றால் ஜீப் என்றுதான் அர்த்தம். மகிந்திராவுக்கு வந்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜின் பூஜோ டிசைன், 2112 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 90 மி.மீ. கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரிந்த பூஜோவைக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் வண்டியில் இருப்பது டி.யு.டி.5 என்ற பூஜோ டீசல் என்ஜின். 1527 சிசி, போர் 77, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82. இனிமேல் கடையில் 309 என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "மாருதி ஜென் டீசலுக்கு ஹெட் கேஸ்கட் வேண்டும்" என்று கேளுங்கள். ஜென் டீசல், எஸ்டீம் டீசல் இரண்டிலும் மாருதி போட்டது இதே பூஜோ என்ஜின்தான். 309 விற்றது கொஞ்ச வருடம், மும்பை பக்கத்துக் கல்யாணில் அதைச் செய்த கம்பெனியே மூடிப்போயிற்று. மாருதி வண்டிகள் ஊரெல்லாம் ஓடின, அதனால் சாமான் இன்னும் புழங்குகிறது. புதுசுக்கு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை.

ஒரு எச்சரிக்கை. என்ஜினுக்குள் இருக்கும் கேஸ்கட், ரிங், பேரிங், வால்வு மாதிரியானவற்றை ஜென் பேரில் தேடலாம். வெளியே தொங்கும் மவுண்டிங், ஹோஸ், சைலன்சர் பைப், பிராக்கெட் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். பழையதைக் கையில் வைத்து ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள். டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், பல்லை எண்ணி அகலத்தை அளந்து வாங்குங்கள்.

வைசியாள் வீதி:
கையேடு பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் இறக்கியது ஐரோப்பிய 309க்கானது. அங்கே 309 டீசலில் வந்தது 1905 சிசி எக்ஸ்.யு.டி. என்ஜின். இந்தியாவில்தான் அதே உடம்புக்குள் 1.5 டீசலை வைத்தார்கள். அந்தக் கையேட்டை அழித்துவிடாதீர்கள், பின் ஆக்சில், பிரேக், கதவு வேலைக்கு உதவும். என்ஜினுக்கு மட்டும் வேறு வண்டியின் கையேடு வேண்டும்: பூஜோ 106 டீசல் 1.5, அல்லது சித்ரோயன் சாக்ஸோ 1.5 டீசல். நிசான் மைக்ராவின் பழைய 1.5 டீசலிலும் இதே என்ஜின்தான்.

பெரியப்பா பாரிஸில் இருக்கிறாரே, அவரிடம் 106 டீசலுக்கான "ரெவ்யூ டெக்னிக்" என்ற பிரெஞ்சு ரிப்பேர் கையேட்டை வாங்கச் சொல்லுங்கள். பழைய புத்தகக் கடைகளிலும் சந்தைகளிலும் கிடைக்கும். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். அளவுகள் எண்ணில்தானே இருக்கின்றன. மிச்சத்துக்கு உங்கள் தெருவிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒரு சொல்தா தாத்தா இல்லாமலா போய்விடுவார்?

டேங்கர் ஓட்டி:
கேஸ்கட்டுக்கு இவ்வளவு அலைவதா? ரேடியேட்டரில் ஊற்றும் லீக் அடைப்பான் ஒரு டப்பா வாங்கி ஊற்றுங்க சார், நின்றுவிடும்.

செம்மண்டலம் டீசல்:
நிற்கும், ரேடியேட்டரும் ஹீட்டரும் சேர்ந்தே நிற்கும். தயவுசெய்து வேண்டாம். டீசல் என்ஜின் கம்ப்ரஷனை அந்தப் பசை தாங்காது.

லேத் பட்டறை:
ஹெட் கழற்றியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். டீசல் கேஸ்கட் பல தடிமனில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் எது என்று முடிவாகும். பழைய கேஸ்கட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு இருக்கும், அந்த எண்ணிக்கைதான் தடிமனைக் காட்டும். அதே வெட்டுள்ளதை வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

சூடேறிய அலுமினிய ஹெட் என்றால் வளைவும் விரிசலும் பார்த்தே ஆக வேண்டும். பிரஷர் டெஸ்ட் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். சில இடங்களில் கேட்காமலேயே ஃபேசிங் போட்டுச் சீவிவிடுவார்கள். பெட்ரோல் ஹெட் மாதிரி டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவினால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். எவ்வளவு சீவலாம் என்பது கையேட்டில் இருக்கும், புத்தகம் வரும்வரை பொறுங்கள். ஹெட் போல்ட் புதுசாகப் போடுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கிய பிறகு கோணக் கணக்கில் திருப்புகிற ரகம் அது, ஒருமுறை நீண்டால் பழைய பிடிப்பு வராது.

முத்தியால்பேட்டை 309:
ரொம்ப நன்றி. இன்னொன்று: ஜென் டீசல் என்ஜினையே முழுதாக வாங்கி மாட்டிவிட்டால் என்ன என்று தம்பி கேட்கிறான்.

வைசியாள் வீதி:
மாட்டலாம். ஆனால் என்ஜின் நம்பர் மாறும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கேஸ்கட்டோடு முடிகிற வேலையென்றால் அந்த வம்பு எதற்கு?

முத்தியால்பேட்டை 309:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெரியப்பா சொன்னபடி புத்தகத்தைத் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். 106க்கானதுதான். அதிலுள்ள படமும் என் என்ஜினும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கின்றன.

ஹெட் கழற்றினோம். கேஸ்கட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே வெந்திருந்தது. விரிசல் இல்லை. வளைவு அளவுக்குள் இருந்ததால் சீவவில்லை. கேஸ்கட்டின் வெட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். ஜென் டீசல் என்று கேட்டதும் முதல் கடையில் இல்லை, இரண்டாவது கடைக்காரர் பரண் மேல் ஏறி எடுத்துக் கொடுத்தார். போல்ட்டும் பெல்ட்டும் அங்கேயே.

இப்போது ஓடுகிறது, புகை இல்லை. ஆனால் இருபது நிமிடம் ஓடினால் முள் கொஞ்சம் ஏறி, திடீரென்று இறங்குகிறது. மறுபடியும் கேஸ்கட்டா?

செம்மண்டலம் டீசல்:
பயப்படாதீர்கள், காற்று மாட்டியிருக்கும். தெர்மோஸ்டாட் கூட்டில் ஒரு ஸ்க்ரூ, ஹீட்டர் ஹோஸில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், காற்று விடுவதற்கென்றே. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை கூலண்ட் ஊற்றிவிட்டு மூடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். கிளியனூரில் முதலில் சூடேறியதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

முத்தியால்பேட்டை 309:
காற்று நிறைய வந்தது, முள் இப்போது அசையவில்லை. ஃபேன் விஷயமும் நீங்கள் சொன்னதுதான்: ரேடியேட்டரில் இருக்கும் சுவிட்சின் ஒயர் உப்புக்காற்றில் பச்சை பிடித்து அறுந்திருந்தது. மாற்றியாயிற்று. அந்த ஜீப் கேஸ்கட் புதுசாகவே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.