சுகர் ஃப்ளவர்ல (கேக் மேல வைக்க சர்க்கரைப் பேஸ்ட்ல செய்யற பூ) குண்டுமல்லி பண்ணவங்க இருக்கீங்களா? காயவே மாட்டேங்குது

திருவான்மியூர் பேக்கர்:
வணக்கம் மக்களே, வீட்டுல இருந்து கேக் பண்றேன். இப்ப ஒரு நிச்சயதார்த்த ஆர்டர் வந்திருக்கு, ரெண்டு டயர், அதாவது ரெண்டு அடுக்கு கேக், பொண்ணு வீட்டுல ரோஸ் பியோனி எதுவும் வேணாம் மல்லிப்பூ சரம் தொங்குற மாதிரி வேணும், பார்க்குறவங்க நிஜப்பூன்னே நினைக்கணும்னு சொல்லிட்டாங்க. யூடியூப்ல தேடினா எல்லாரும் பியோனியைத்தான் பண்ணிட்டிருக்காங்க, மல்லிக்கு உருப்படியா ஒண்ணும் கிடைக்கல. சாம்பிளுக்குக் கொஞ்சம் மொட்டு செஞ்சேன், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரே வெள்ளை, பிளாஸ்டிக் பூ லுக். அதுகூட பரவால்ல, ராத்திரி கெட்டியா இருக்கறது காலைல பிசுபிசுன்னு தலை சாஞ்சு கிடக்கு. வீடு பீச் பக்கம், அதனாலயா? கடையில வாங்குற ஃபாண்டன்ட்ல (கேக் மேல போர்த்தற சர்க்கரை மாவு) அதைக் கெட்டியாக்கற டைலோஸ் பவுடர் கலந்துதான் பண்றேன். அவங்க கேட்டிருக்கறது விப்பிங் க்ரீம் கேக் வேற, அதுவும் எக்லெஸ். இது நடக்குமா, இல்ல ஆர்டரை விட்டுடலாமா?

கோவை கேக்காரி:
ஆர்டரை விடாதீங்க சிஸ். முதல்ல அந்த ஃபாண்டன்டை மாத்துங்க. அது மெதுமெதுன்னு இருக்கணும்னு அதுல கிளிசரினும் குளுக்கோஸும் போட்டிருப்பாங்க, ரெண்டும் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற சாமான், மேல எவ்வளவு டைலோஸ் போட்டாலும் கடற்கரை ஊர்ல தொங்கத்தான் செய்யும். கம் பேஸ்ட், அதாவது காஞ்சா கெட்டியாகற பூ செய்யற சர்க்கரை மாவு, நீங்களே பண்ணுங்க. சாதாரணமா ஒரு முட்டை வெள்ளைக்கு, 30 கிராம் வரும், 225 கிராம் ஐசிங் சுகர், 3 டீஸ்பூன் டைலோஸ், கடைசியா கைல தடவிப் பிசைய 1 டீஸ்பூன் டால்டா. உங்களுக்கு எக்லெஸ்ங்கறதால முட்டைக்குப் பதிலா வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசைங்க, முட்டை போட்ட அளவு உறுதி வராது ஆனா மல்லி மொட்டு சைசுக்கு அது போதும். சுத்தமா காத்துப் போகாம க்ளிங் ராப் சுத்தி ஒரு ராத்திரி வெச்சுட்டு அப்புறம் எடுங்க, உடனே பண்ணினா விளிம்பு கிழியும். இன்னொண்ணு, எக்லெஸ்னு சொல்லிட்டு மெரிங் பவுடர் போட்டுடாதீங்க, அது காஞ்ச முட்டை வெள்ளைதான், நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஜெலட்டின் ரெசிபியும் சைவம் கிடையாது.

வழிப்போக்கன்:
இவ்வளவு கஷ்டப்படறதுக்கு நாலு முழம் நிஜ மல்லி வாங்கி கேக் மேல சுத்தி விட்டா முடிஞ்சுது? 😀

கோவை கேக்காரி:
@வழிப்போக்கன் சாமிக்கும் தலைக்கும் வைக்க வளர்க்கற பூங்க அது, மருந்து அடிச்சிருப்பாங்க, அதைச் சாப்பிடற க்ரீம் மேல போட முடியாது. நீங்க தைரியசாலின்னா உங்க வீட்டு கேக்ல போட்டுக்குங்க.

மதுரைக்காரன்:
பிளாஸ்டிக் லுக்குக்கு நான் சொல்றேன். டுடோரியல் பார்க்கறதை நிப்பாட்டிட்டு அம்பது ரூபாய்க்கு உதிரிப்பூ வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா பிச்சுப் பாருங்க. மொட்டு வெள்ளைன்னு நாமதான் சொல்றோம், கொஞ்சம் உத்துப் பாருங்க, காம்புகிட்ட இளம்பச்சை, நடுவுல தந்தக் கலர், நுனிலதான் வெள்ளை. காலைல பறிச்சதுல பச்சை தூக்கலா இருக்கும். ஜாதிமல்லி, பிச்சின்னா மொட்டு வெளிப்பக்கம் ரோஸ் ஓடியிருக்கும், அதைக் குண்டுமல்லில போட்டுடாதீங்க, எங்க ஊர்ல எந்த அப்பத்தாவும் கண்டுபிடிச்சிடும். பேஸ்ட்லயே துளி ஐவரி கலர் கலந்துக்குங்க. காஞ்சதும் பச்சை பெடல் டஸ்ட்ல (பூவுக்குப் பூசற கலர் பவுடர்) துளி மஞ்சள் கலர் டஸ்ட்டும் நிறைய கார்ன்ஃப்ளாரும் கலந்து சின்ன பிரஷ்ல அடியிலிருந்து மேல இழுத்து விடுங்க, பாதிக்கு மேல போக வேணாம். அப்புறம் கொதிக்கற தண்ணி ஆவில ரெண்டு மூணு செகண்ட் காட்டி எடுத்தீங்கன்னா அந்தப் பவுடர் தூசி மாதிரி உக்காந்திருக்கறது போய் கலர் உள்ள இறங்கிடும். கூட நேரம் காட்டினா பளபளன்னு ஆகிடும், மல்லிக்குப் பளபளப்பு ஆகாது. டஸ்ட் வாங்கறப்ப லேபிள் பாருங்க, நான் டாக்சிக்னு மட்டும் போட்டிருந்தா அது சாப்பிடறதுக்கு இல்ல, எடிபிள்னு இருக்கணும்.

மொட்டு செய்யறது: பட்டாணில பாதி உருண்டை, 30 கேஜ் கம்பி (மெல்லிசானது, கேஜ் நம்பர் கூடக் கூடக் கம்பி மெலிசு) நுனியைக் கொக்கி மாதிரி மடிச்சு, டைலோஸ்ல தண்ணி கலந்த பசைல தொட்டு உள்ள சொருகி, கீழ்ப்பக்கத்தை விரல் நடுவுல உருட்டிக் காம்பா இறக்குங்க. தலை உருண்டையா இருக்கட்டும். அப்புறம் கத்தி முனையால மேலருந்து சாய்வா சுத்தின மாதிரி கோடு போடணும், இதழெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சுருட்டிக்கிட்டுத்தான் இருக்கும், நேர் கோடு போட்டா பூண்டுப்பல் ஆகிடும். அடியில பச்சை இதழ் ஊசி மாதிரி ஏழெட்டு நீட்டிக்கிட்டு நிக்கும், அதை விட்டுட்டுத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பாதி விரிஞ்சது ரெண்டு மூணு நடுவுல வரட்டும். எல்லா மொட்டும் ஒரே சைஸ்ல வேணாம்.

கொழும்பு அன்ரி:
தங்கச்சி, நான் கொழும்பில இருக்கிறன், இஞ்சயும் காத்தில அதே ஈரம்தான். பூவைக் காய வைக்கிறதுக்கு ஏசி அறை நல்லது, இல்லாட்டி பேக்கிங் ஓவனை ஓன் பண்ணாமல் உள் லைட்டை மட்டும் போட்டு விட்டு அதுக்குள்ள வையுங்கோ. காஞ்ச பிறகு காத்துப் போகாத டப்பாவில சிலிக்கா ஜெல் பக்கற் போட்டு மூடுங்கோ, பூவில படாமல். ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும் வைக்கவே வேண்டாம், வெளிய எடுத்த உடன வேர்த்துக் கொட்டும்.

அடுத்தது, கிறீம் கேக்கில சுகர் பூ எண்டுறது சண்டைக்குக் கூப்பிடுற வேலை. எங்கட பக்கம் கலியாணக் கேக் கனபேர் ரெஜிஃபோம் (தெர்மோகோல்) ஸ்ட்ரக்சரிலதான் பூ வைக்கிறது, சாப்பிடுற கேக்கை வேறயா வெட்டிச் சின்னப் பெட்டியில சுத்திக் குடுப்பம், அதால பூவுக்கு ஈரமே படாது. 2011 இல இங்கிலாந்து இளவரசர் வில்லியம், கேற் கலியாணக் கேக்கில 900 சுகர் பூ இருந்தது, அது ஃப்ரூட் கேக், மேல ஐசிங், காஞ்ச மேற்பரப்பு. உங்களுக்கு அப்பிடி இல்லை. முடிஞ்சா வெளியில கனாஷ் (சொக்கலேற்றும் கிறீமும் கலந்தது) பூசி ஃபாண்டன்ட் போடச் சொல்லிக் கேளுங்கோ. மாட்டம் எண்டால் சரத்தின்ர பின்பக்கம் உருக்கின வெள்ளைச் சொக்கலேற் பூசி ஆற விட்டு, மண்டபத்தில வைச்சு கடைசி நேரம் ஒட்டுங்கோ. கம்பியை நேரா கேக்கில குத்தாதேங்கோ, ஸ்ட்ரோவுக்குள்ள விட்டுத்தான் குத்த வேணும்.

திருவான்மியூர் பேக்கர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி!! அன்ரி, கேட்டுப் பார்த்தேன், ஃபாண்டன்ட் வாயில வைக்க முடியாதுன்னு பையனோட அம்மா ஒத்துக்கல, ஆனா கீழ் டயர் மட்டும் டம்மி (கேக் இல்லாத தெர்மோகோல் அடுக்கு) போட்டுக்கலாம்னு இறங்கி வந்துட்டாங்க, அப்ப சரம் எல்லாம் டம்மி மேலயே வந்துடும். மதுரைக்காரன் அண்ணா, சரம் எப்படிக் கட்டறது? நூல்ல கட்டினா காம்பு ஒடியுது.

மதுரைக்காரன்:
நூல் வேணவே வேணாம். 24 கேஜ் கம்பி ஒண்ணு நீளமா எடுத்து, இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் ரெண்டு மொட்டுன்னு வெச்சு பச்சை ஃப்ளோரல் டேப்பைப் பாதி அகலமாக் கிழிச்சு இழுத்து இழுத்துச் சுத்துங்க, இழுத்தாத்தான் அந்த டேப் ஒட்டும். அடுத்த ஜோடி முதல் ஜோடியோட காம்பை மறைக்கற அளவு நெருக்கமா. கட்டி முடிச்சதும் கம்பியை வளைச்சு டம்மி மேல தொங்க விடுங்க. ஒரு முழத்துக்கு எவ்வளவு மொட்டு போகும்னு முன்னாடியே எண்ணிட்டு அதுக்கு மேல கொஞ்சம் கூடவே பண்ணிக்குங்க, வண்டில போறப்ப ஒடியும். காசையும் மொட்டுக் கணக்குலயே பேசிடுங்க.